வீட்டோ இருக்கிற வரைக்கும் நமக்கு நிரந்தர இடம் கிடைக்கவே கிடைக்காதா?

ஐந்து வல்லரசுகள் கையில் வீட்டோ, அதாவது எந்த முடிவையும் தனியாகவே தடுக்கும் உரிமை, இருக்கும்போது, காலனிகளாக இருந்த நாடுகள் ஐ.நா. பாதுகாப்பு அவையில் கூடுதல் இடம் கேட்பதில் பயன் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டுங்க. ஒருமுறை கேட்டு வாங்கியும் இருக்கிறார்கள்.

ஐ.நா. சாசனத்தின் 108-ஆவது பிரிவுப்படி திருத்தத்துக்கு இரண்டு கட்டங்கள். முதலில் பொதுச்சபையில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 193-இல் 129 நாடுகள் ஆதரித்து வாக்களிக்க வேண்டும். இங்கே யாருக்கும் வீட்டோ கிடையாது. அடுத்து, அதே அளவு நாடுகள் தங்கள் சட்டப்படி ஒப்புதல் தர வேண்டும். அதில் ஐந்து நிரந்தர உறுப்பினர்களும் இருந்தாக வேண்டும். பூட்டு இந்த இரண்டாம் கட்டத்தில்தான்.

1963 டிசம்பர் 17 அன்று, அவையை 11 இடங்களிலிருந்து 15 ஆக்கும் தீர்மானம் வாக்குக்கு வந்தது. சோவியத்தும் பிரான்சும் எதிர்த்தன, அமெரிக்காவும் பிரிட்டனும் வாக்களிக்காமல் ஒதுங்கின. ஐந்து நிரந்தர உறுப்பினர்களில் ஆதரித்தது, அன்று தைவான் அரசு வைத்திருந்த சீன இடம் மட்டும். ஆனாலும் 97-க்கு 11 என நிறைவேறியது. 1965 ஆகஸ்ட் 31-இல் திருத்தம் நடைமுறைக்கே வந்துவிட்டது. எதிர்த்தவர்களும் ஒப்புதல் கொடுத்திருந்தார்கள். பனிப்போர் நேரத்தில், புதிதாக விடுதலை பெற்ற அத்தனை நாடுகளையும் ஒரேயடியாகப் பகைத்துக்கொள்வது அவர்களுக்குக் கட்டுப்படியாகவில்லை என்பதே என் கணிப்பு.

ஆனால் அன்று கூடியவை தற்காலிக இடங்கள் மட்டும். நிரந்தர இடம் என்று வந்ததும் நம் பக்கமே இரண்டாகிவிடுகிறது. 2005-இல் இந்தியா, பிரேசில், ஜெர்மனி, ஜப்பான் சேர்ந்து 25 உறுப்பினர் கொண்ட அவைக்கான வரைவை முன்வைத்தன. புதியவர்கள் 15 ஆண்டுகளுக்கு வீட்டோவைப் பயன்படுத்த மாட்டார்கள் என்றும் எழுதிக்கொடுத்தன. ஆப்பிரிக்க ஒன்றியமோ 26 இடம், வீட்டோவும் உடனே வேண்டும் என்றது. 54 நாடுகள் இருந்தும் ஒரு நிரந்தர இடம்கூட இல்லாத கண்டம் அது, கோரிக்கையில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தப் பிளவால் 129 என்ற எண் எட்டாமல் போனது, இரண்டு வரைவுமே வாக்குக்கு வரவில்லை. 2009-இலிருந்து நடக்கும் அரசுகளுக்கிடையிலான பேச்சில், எல்லோரும் ஏற்கும் வரை வரைவே வேண்டாம் என்று சிலர் இழுத்தடிக்கிறார்கள். வரைவு இல்லாமல் எதற்கு வாக்களிப்பது?

இதெல்லாம் டெல்லி விவகாரம் என்று நினைக்க வேண்டாம். 2023 நவம்பரிலிருந்து செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டபோது, ஐரோப்பாவுக்குப் போகும் திருப்பூர் பனியன் சரக்கு நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போக நேர்ந்தது. வாடகை ஏறியது, டெலிவரி தள்ளிப்போனது. அதைப் பற்றி 2024 ஜனவரி 10-இல் அவை எடுத்த 2722-ஆம் தீர்மானத்தின் வரைவை அமெரிக்காவும் ஜப்பானும் எழுதின. அவையில் தற்காலிக உறுப்பினராக இந்தியா இருந்த இரண்டாண்டுத் தவணை 2022-இலேயே முடிந்திருந்தது.

எனவே இந்தியா முதலில் பேசி முடிக்க வேண்டியது ஆப்பிரிக்க ஒன்றியத்தோடு. 2024 செப்டம்பரில் அமெரிக்கா, ஆப்பிரிக்காவுக்கு வீட்டோ இல்லாத இரண்டு நிரந்தர இடங்களுக்கு ஆதரவு என்றது. அதற்கு ஆப்பிரிக்கா இணங்குமா என்பதைப் பொறுத்துத்தான் நம் கணக்கும். இனி ஏதாவது ஒரு நாட்டுத் தலைவர் ‘இந்தியாவை ஆதரிக்கிறோம்’ என்று சொன்னதாகச் செய்தி வந்தால், அந்த நாடு எழுத்து வரைவைக் கேட்கிறதா, அதை வாக்குக்கு விடச் சம்மதிக்கிறதா என்று பாருங்கள்.