தாவர ஹாம் என்றால் என்ன? ஏன் சாப்பிட்டுப் பார்க்கலாம்?

ஹாம் என்பது உப்பும், பெரும்பாலும் நைத்திரைற்று (nitrite) என்ற பதப்படுத்தும் உப்பும் ஏற்றிப் பதப்படுத்திய பன்றித் தொடை இறைச்சி. அதன் உப்பையும் புகைமணத்தையும் சவ்வுத்தன்மையையும் கோதுமைப் புரதம், சோயா, பலாக்காய் போன்றவற்றில் கொண்டுவந்தால் அது தாவர ஹாம். பதப்படுத்திய இறைச்சி புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் வகைப்படுத்தியது. மாற்றுத் தேட இதுவே போதும். சைவ வீடுகளுக்கு அந்தக் காரணமும் தேவையில்லை.

வீட்டில் செய்யக் கோதுமைப் புரதமே நல்லது. கொத்துரொட்டி மா அறுந்துபோகாமல் இழுபடுவது இதனால்தான். 500 கிராம் வெள்ளைக் கோதுமை மாவை 300 மில்லிலீற்றர் தண்ணீரில் இறுகக் குழைத்து, ஒரு மணித்தியாலம் மூடிவைத்து, தண்ணீர் ஓரளவு தெளியும்வரை கழுவுங்கள். ஆட்டா மா வேண்டாம். தவிடு இழையை அறுத்துவிடும். மிஞ்சும் புரத உருண்டையில் முக்கால் தேக்கரண்டி உப்பு, மிளகுதூள், நிறத்துக்குக் கொஞ்சம் பீற்றூட் சாறு சேர்த்துப் பிசைந்து, அலுமினியத் தாளில் இறுகச் சுற்றி 45 நிமிடம் அவியுங்கள். தளரச் சுற்றினால் ஊதிப் பஞ்சாகிவிடும். பிறகு மூடிய சட்டிக்குள் சிரட்டைக்கரித் தணலில் இரண்டு துளி எண்ணெய் விட்டு, ஐந்து நிமிடம் புகை பிடிக்கவிடுங்கள். ஓரிரவு குளிரூட்டிய பிறகே மெல்லிசாக வெட்டி, பாணுக்குள் வைக்கலாம்.

தாவர ஹாம் என்றால் உப்புக் குறைவு என்று பலர் நினைக்கிறார்கள். கடையில் வாங்குவதில் இறைச்சி ஹாமின் அளவுக்கே உப்பு இருக்கலாம், லேபிளைப் பார்த்து வாங்குங்கள்.