பாதாள சாக்கடை டெபாசிட்: தடையாணை வாங்கலாமா?

கேள்வி: காரைக்குடியில் எங்கள் பூர்வீக வீட்டுக்கு முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். வீட்டு வரி இன்னும் காலமான ஐயா பெயரில்தான் இருக்கிறது. பங்காளிகள் ஒன்பது புள்ளி (குடும்பம்); ஊரில் குடியிருப்பது நான் மட்டும். பாதாள சாக்கடைக்கு டெபாசிட் கட்டச் சொல்லி நோட்டீஸ் வந்திருக்கிறது. குழாய் பதிக்கத் தோண்டியதில் வாசல் படி உடைந்தது, மாதக்கணக்கில் தெருவுக்குள் கார் வரவில்லை, யாரும் எட்டிப் பார்க்கவில்லை. இணைப்பே கொடுக்காமல் பணம் கேட்பது நியாயமா? தெருக்காரர்கள் சேர்ந்து கோர்ட்டில் தடை வாங்கலாம் என்கிறார்கள். சிங்கப்பூரில் இருக்கும் பெரியப்பா மகன் ஒரு பைசா தரமாட்டேன் என்கிறார்.

பதில்: உடைந்த படியையும் வராத காரையும் முதலில் ஒதுக்கி வையுங்கள். படிக்கு நஷ்டஈடு கேட்கலாம், போட்டோவும் கொத்தனார் பில்லும் இருந்தால். ஆனால் அந்தப் படியில் பாதி ரோட்டு இடத்தில் இருக்கிறதா என்று அளந்து பார்த்துவிட்டுக் கேளுங்கள். நம் ஊர் வாசல்களில் பலவும் அப்படித்தான்.

உங்கள் கடிதத்தில் சட்டத்துக்கு வேண்டிய வாக்கியம் ஒன்றே ஒன்று: வரிவிதிப்பு ஐயா பெயரில் இருக்கிறது.

அதற்கு முன், டெபாசிட்டைப் பற்றிச் சுருக்கமாக. இந்தத் திட்டங்களுக்குப் பணம் மூன்று வழியில் வருகிறது: அரசு மானியம், கடன், மக்கள் பங்கு. மக்கள் பங்கை வேலை முடியும் முன்பே வாங்குவது புதிதல்ல. ஆலந்தூரில் 1990-களின் பிற்பகுதியில் வீட்டுக்கு 5,000 ரூபாய், வணிகக் கட்டடத்துக்கு 10,000 ரூபாய் என்று முன்கூட்டியே வசூலித்துத்தான் திட்டத்தையே நடத்தினார்கள். ஆகவே ‘இணைப்பு தரவில்லை, டெபாசிட் தரமாட்டேன்’ என்ற வாதம் நிற்காது. மாதக் கட்டணம் வேறு சங்கதி. அது சேவைக்கான கட்டணம். இணைப்புக்கு முந்தைய மாதங்களுக்கும் கேட்டால் எதிர்க்க உங்களுக்கு இடம் உண்டு. நோட்டீஸில் இரண்டும் ஒரே தொகையாகக் கலந்திருக்கிறதா என்று பாருங்கள். எந்த உள்ளாட்சி மன்றத் தீர்மானத்தின்படி, எந்த விகிதத்தில் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேளுங்கள். 30 நாளில் பதில் வரவேண்டும்.

தெருக்காரர்களின் தடையாணை யோசனையில் கையெழுத்துப் போடாதீர்கள். 2018 திருத்தத்துக்குப் பிறகு குறித்தவகை நிவாரணச் சட்டத்தின் (Specific Relief Act) 20ஏ, 41(எச்ஏ) பிரிவுகள் இருக்கின்றன. உள்கட்டமைப்புத் திட்டத்தைத் தாமதப்படுத்தும் தடையாணையைக் கோர்ட் தரக்கூடாது என்கின்றன. அந்தச் சட்டத்தின் அட்டவணையில் கழிவுநீர் சேகரிப்பும் சுத்திகரிப்பும் பெயர் சொல்லியே இருக்கின்றன. உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு போட்டாலும் தீர்மானத்தில் ஓட்டை இருந்தால்தான் பலன். ‘தெருவை நாசமாக்கிவிட்டார்கள்’ என்பது ஓட்டை ஆகாது.

இனி, ஆட்கள் விழும் குழி. கவுண்டரில் ‘வரி உங்கள் பெயரில் இல்லையே, உறுதிமொழிப் பத்திரம் கொடுங்கள்’ என்பார்கள். வெளியே டைப் அடிப்பவரிடம் அச்சடித்த மாதிரி தயாராக இருக்கும். அதில் ‘மேற்படி வீட்டின் ஏக உரிமையாளர் நானே’ என்றொரு வாக்கியம். அவசரத்தில் கையெழுத்தாகிவிடும். வரி ரசீதோ, பெயர் மாற்றமோ, சாக்கடை இணைப்போ பத்திர உரிமையைத் தராது. ஆகவே உங்களுக்கு அதனால் நயாபைசா லாபமில்லை. ஆனால் சிங்கப்பூர்க்காரர் கையில் அந்த நகல் சிக்கினால், எட்டுப் புள்ளிகளின் உரிமையை நீங்கள் மறுத்ததற்கு அதுவே சாட்சி. பாகப்பிரிவினை வழக்கின் முதல் ஆவணமாக அதை வைப்பார். ‘பங்காளிகளில் ஒருவர், குடியிருப்பவர்’ என்று மட்டும் எழுதுங்கள். டெபாசிட்டைப் பழைய வரிவிதிப்பு எண்ணிலேயே கட்டி, ‘செலுத்தியவர்’ என்ற இடத்தில் உங்கள் பெயரைப் போடச் சொல்லுங்கள். தொகையில் சந்தேகம் இருந்தால், ஆட்சேபணையுடன் கட்டுவதாக ஒரு கடிதம் கொடுத்து முத்திரை வாங்குங்கள்.

இரண்டாவது குழி குழாய் போகும் பாதை. கழிப்பறை பின்கட்டில், மேன்ஹோல் முகப்புத் தெருவில் என்றால், 110 மி.மீ. குழாயை வீட்டின் அடியிலேயே கொண்டுவர வேண்டும். 60-க்கு 1 வாட்டம் வைத்தால் 120 அடிக்கு 2 அடி இறக்கம். பின்னால் ஓரடி ஆழத்தில் தொடங்கும் குழாய் முகப்பில் மூன்றடிக்குப் போகும். இரண்டாங்கட்டையும் வளவையும் (முற்றத்தைச் சுற்றிய நடுப்பகுதி) வெட்டி, ஆத்தங்குடித் தரைக்கல்லைப் பெயர்க்காமல் இது நடக்காது. கூட்டுச் சொத்தை ஒரு பங்காளி தன்னிச்சையாக உடைத்தால் மற்றவர் தடையாணை கேட்கலாம். நான் மேலே சொன்ன 2018 திருத்தம் இங்கே உங்களைக் காப்பாற்றாது, இது உங்கள் வீட்டு வேலை. பாதி வெட்டிய தரையோடு வழக்கு வருஷக்கணக்கில் நிற்கும். பின்தெருவிலும் குழாய் இருந்தால் அங்கிருந்து இணைப்புக் கேட்டு எழுதுங்கள். இல்லையென்றால் மற்ற எட்டுப் பேரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் கடப்பாரையைத் தொடாதீர்கள்.

வளவு முற்றத்துத் தண்ணீரையும் இதில் சேர்த்துவிடலாம் என்று பிளம்பர் சொல்வார். வேண்டாம். முற்றத்துக்கு வடியும் கூரை 3,000 சதுர அடி என்றால், 5 செ.மீ. மழைக்குச் சுமார் 14,000 லிட்டர். சாக்கடைக் குழாயை ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர் என்ற கணக்கில்தான் போடுகிறார்கள். அடைத்துக்கொண்டால் எதிர்த்து வருவது உங்கள் கழிப்பறையில்தான். மழைநீர் பழையபடி தனி வழியில் போகட்டும்.

பெரியப்பா மகனோடு சமாதானமாகப் போங்கள். ஒன்பதில் ஒரு பங்குக்கு அவர்மேல் வழக்குப் போட்டால் வக்கீல் ஃபீஸ் அதைவிட அதிகம். கட்டிய பிறகு ஒவ்வொரு புள்ளிக்கும் ரசீது நகலோடு பதிவுத் தபாலும் மின்னஞ்சலும் அனுப்பி, அவரவர் பங்கைக் கேளுங்கள். இந்திய ஒப்பந்தச் சட்டம் 69-ஆம் பிரிவின்படி அதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கட்டிய நாளிலிருந்து 3 ஆண்டு கெடு. அதற்குள் வீட்டுப் பொதுக் கணக்கில் பற்று எழுதி, பெரும்பாலானவர் கையெழுத்து வாங்கிவிட்டால் போதும். சிங்கப்பூர்க்காரர் பங்கை, வீடு விற்கும் அன்றோ பிரிக்கும் அன்றோ கழித்துக்கொள்ளலாம்.

இணைப்பு கிடைத்ததும் பழைய செப்டிக் டேங்கை மூடுவீர்கள். அதற்குள் ஆளை இறக்காதீர்கள், இயந்திர லாரியைக் கூப்பிடுங்கள். கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013 சட்டப்படி பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவது குற்றம். முதல் தடவைக்கே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வேலைக்கு அழைத்தவர் என்ற முறையில் அந்த வழக்கில் பங்காளிகள் எவரும் இருக்கமாட்டார்கள், நீங்கள் மட்டும்தான்.