ஒப்பந்தத்தைப் படித்தீர்களா?

அன்புள்ள ஐயா,

என் அக்கா மகனுக்கு 16 வயது. சென்னையில் ஒரு கால்பந்து கிளப்பின் இளையோர் அணியில் இருக்கிறான். பத்தாவதோடு பள்ளியை விட்டுவிட்டான். "ஆடுற வரைக்கும் ஆடட்டும், அப்புறம் படிச்சுக்கலாம்" என்கிறார் அவனைச் சேர்த்துவிட்டவர். ஒப்பந்தமெல்லாம் அவரே பார்த்துக்கொள்கிறார். சொந்தக்காரர்கள் ஏசுகிறார்கள். கால்பந்து வீரர் ஐ.எம். விஜயனுக்குக் கிடைத்ததுபோல போலீஸ் வேலை கிடைக்காதா? அஞ்சல் வழியில் பி.காம் சேர்க்கலாமா?

ஒரு தாய்மாமன், தேவகோட்டை

அன்புள்ள நண்பருக்கு,

சொந்தக்காரர்கள் பேச்சை விடுங்கள். இந்த வயதில் ஒரு கிளப் எடுக்கும் அளவுக்கு ஆடுகிறான் என்றால் அந்தப் பிள்ளை எவ்வளவு உழைத்திருப்பான். அவனைத் திரும்பக் கூப்பிடாதீர்கள்.

ஆனால் "ஒப்பந்தமெல்லாம் அவரே பார்த்துக்கொள்கிறார்" என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? அக்கா கையெழுத்துப் போட்டிருப்பார். நீங்கள் ஒரு வரியாவது படித்தீர்களா? எத்தனை வருடம், அடிபட்டால் வைத்தியச் செலவு யாருடையது, நடுவில் அனுப்பிவிட்டால் என்ன? வட்டி கேட்காமல் ஒரு மோதிரத்தைக்கூட அடகு வைக்காத ஊர் நம்முடையது.

என் அப்பாவைப் பெற்ற ஐயா சிறு வயதிலேயே பெட்டியடிப் பையனாக, அதாவது வட்டிக்கடையில் வேலை பழகும் பையனாக, ரங்கூன் போனவர். பகலெல்லாம் கடையைப் பெருக்குவதும் மேலாளுக்கு எடுபிடியும்தான். ராத்திரி விளக்கடியில் பேரேடு. ஐந்தொகை, அதாவது வரவு செலவு இருப்புக் கணக்கு, தப்பினால் சோறு இறங்காது என்பார். 1942-ல் ஜப்பான்காரன் வந்தான். கடை போயிற்று, கொடுத்த கடனும் போயிற்று. வெறும் கையோடு காரைக்குடி வந்தவரை ஒரு மண்டியில் கணக்கெழுத உட்காரவைத்தார்கள். கடை நடந்தபோதே கற்றுக்கொண்டதால் அது நடந்தது. எல்லாம் போன பிறகு கற்க உட்கார்ந்திருந்தால் எங்கள் வீட்டில் உலை கொதித்திருக்காது.

"அப்புறம் படிச்சுக்கலாம்" என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இதனால்தான் ஆத்திரம் வருகிறது. 2025 ஜூலையில் ஐஎஸ்எல் என்ற இந்தியன் சூப்பர் லீக் கால்பந்துப் போட்டியின் அடுத்த சீசனையே நிறுத்திவைத்தார்கள். ஆகஸ்டில் பெங்களூரு எஃப்சி கிளப் தன் வீரர்களின் சம்பளத்தை நிறுத்தியது. சென்னையின் எஃப்சி கிளப் தன் வேலைகளை நிறுத்திவைத்தது. அந்த வீரர்களுக்கு வயதாகிவிடவில்லை, முழங்கால் போகவில்லை. கால்பந்துச் சம்மேளனத்துக்கும் போட்டியை நடத்திய நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் கிடந்தது, அவ்வளவுதான்.

விஜயனை எடுத்தது கேரளப் போலீஸ் அணி. போலீஸ், ரயில்வே, வங்கி என்று துறை அணிகளில் ஆடினால் வேலை ஆட்டத்தோடு சேர்ந்தே வந்தது. உங்கள் மருமகன் இருப்பது தனியார் கிளப்பில். அங்கே ஒப்பந்தம் முடிகிற தேதியோடு எல்லாம் முடியும்.

நேரமில்லை என்பானானால் இத்தாலி வீரர் கியெல்லினியைச் சொல்லுங்கள். 2010-ல் பொருளாதாரப் பட்டம், 2017-ல் வணிக நிர்வாகத்தில் முதுகலை. இரண்டும் யுவென்டஸ் கிளப்பின் தடுப்பாட்டக்காரராக இருந்துகொண்டே. இங்கிலாந்தில் 16 வயதில் கிளப்பில் பயிற்சிக்குச் சேரும் பையனுக்கு ஆட்டத்தோடு படிப்பும் உண்டு. 1907-ல் தொடங்கிய வீரர்கள் சங்கம் ஆடிக்கொண்டிருப்பவர்களின் படிப்புக்கும் பணம் கொடுக்கிறது. நம் கிளப்பிலும் கேளுங்கள். விடுதியில் சாயங்காலம் ஒரு வாத்தியார் வேண்டும் என்று கேட்பதில் வெட்கம் என்ன?

பி.காம் இருக்கட்டும், முதலில் பிளஸ் டூ. தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பதியச் சொல்லுங்கள். வருடத்துக்கு இரண்டு முறை தேர்வு வைக்கிறார்கள், போட்டி இல்லாத பருவத்தில் எழுதலாம். அதற்கும் முன்னால், ஒப்பந்தத்தின் நகலை இந்த வாரமே வாங்குங்கள். தெரிந்த வக்கீல் ஒருவரிடம் உட்கார்ந்து வரிவரியாகப் படியுங்கள். அவனையும் போனில் வைத்துக்கொண்டு படியுங்கள், அவன் கேட்க வேண்டும்.