கட்டிட்டு அப்பீல் போகலாமா?

கேள்வி: அண்ணே, பாம்பன்ல இருந்து மதுரைக்கு மீன் லோடு அடிக்கிற குட்டியானை என்னோடது. உச்சிப்புளி பக்கம் ஓவர் ஸ்பீடுல போனேன்னு 1000 ரூபா இ-சலான் வந்துருக்கு. அன்னிக்கு தடைக்காலம், வண்டி வாசல்ல தான் நின்னுச்சு. இப்போதைக்கு கட்டிரு, அப்புறம் அப்பீல் போய்க்கலாம்னு கூட ஓட்டுறவங்க சொல்றாங்க. சரியாண்ணே?

பதில்: கட்டிறாதீங்க தம்பி. கட்டுனா ஒத்துக்கிட்டதா கேஸ் அத்தோட முடிஞ்சுரும், கோர்ட்ல குத்தத்தை ஒத்துக்கிட்டாலும் தண்டனை சரியா தப்பான்னு மட்டும் தான் பின்னாடி அப்பீல்ல கேக்க முடியும். 1000 ரூபா தானேன்னும் விட்றாதீங்க, ரெண்டாவது தடவ இதே குத்தம்னா மோட்டார் வாகனச் சட்டம் 183வது பிரிவுல லைசென்ஸையே வாங்கி வச்சுருவாங்க, ஸ்டியரிங்க நம்பி இருக்க குடும்பத்துக்கு அது பெரிய அடி.

முதல்ல சலான்ல இருக்க போட்டோவ பெருசு பண்ணி பாருங்க. நம்ம கரை உப்புக்காத்துல பழைய நம்பர் பிளேட்டு பெயிண்ட் பொரிஞ்சு 3ம் 8ம் ஒண்ணாத் தெரியும், அதனால டிஎன் 65க்கு அப்புறம் ஒவ்வொரு எழுத்தா ஒத்துப் பாருங்க, தார்ப்பாய் கலரு, பின்கதவுல இருக்க ஒடுக்கு எல்லாத்தையும் பாருங்க. உங்க வண்டிதான், வேற யாராச்சும் எடுத்துட்டுப் போயிருக்காங்கன்னு தெரிஞ்சா கட்டிருங்க, பொய்ச் சாட்சி வேணாம்.

உங்க வண்டி இல்லன்னா இ-சலான் கேஸ ஆன்லைன்ல பாக்குற விர்ச்சுவல் கோர்ட்ல வழக்க நடத்துறேன்னு குடுங்க, ஊரு கோர்ட்டுக்கு வந்துரும். அங்க அந்த கேமராவுக்கு அப்ரூவல் சர்டிபிகேட் இருக்கா, வருசா வருசம் புதுப்பிச்சாங்களா, முன்னாடி எச்சரிக்கை போர்டு இருந்துச்சான்னு கேக்கணும், மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 2021ல வந்த 167ஏ விதியில இதெல்லாம் இருக்கு. கேமராவே இல்லாம ஒரே ஒரு போலீஸ்காரரு கண்ணால பாத்து வேகமா போச்சுன்னு சொன்னா அத மட்டும் வச்சு தண்டிக்க முடியாது.

தோத்தா 30 நாளுக்குள்ள ராமநாதபுரம் செஷன்ஸ் கோர்ட்ல அப்பீல். ரொம்ப சின்ன அபராதத்துக்கு அப்பீல் கிடையாது, ஆனா 1000 ரூபாய்க்கு உண்டு. அங்கயும் ஆகலன்னா மதுரை ஐகோர்ட் கிளைல ரிவிஷன், அதாவது சீராய்வு மனு. தீர்ப்பு சொன்ன அன்னிக்கே நகலுக்கு மனு போட்ருங்க, மனு போட்டு நகல் கிடைக்கிற வரைக்கும் ஆகுற நாள அந்த 30ல சேக்க மாட்டாங்க.