வைரஸை மூளைக்குள் கொண்டுபோவது நம் வெள்ளை அணுக்களேயா?

ஆம், சில வைரஸ்கள் அப்படித்தான் போகின்றன. மூளையின் ரத்தக் குழாய்களில் உட்சுவர் செல்கள் இடைவெளி விடாமல் நெருக்கமாக ஒட்டியிருக்கும். இதற்கு ரத்த-மூளைத் தடுப்பு என்று பெயர். ரத்தத்தில் தனியாக மிதந்து வரும் வைரஸ் பெரும்பாலும் இங்கேயே நின்றுவிடும்.

ஆனால் சில வெள்ளை அணுக்களால் இந்தச் சுவரைத் தாண்ட முடியும். மூளையையும் யாராவது கண்காணிக்க வேண்டுமே! எச்ஐவி பிடித்துக்கொள்வது இந்த வழியைத்தான். மோனோசைட், டி செல் போன்ற வெள்ளை அணுக்களுக்குள் புகுந்துகொள்கிறது. அவை ரோந்து போகும்போது கூடவே உள்ளே போய்விடுகிறது. வாசலில் எல்லோரையும் சோதிக்கும் காவலர், சக காவலரின் வண்டியைத் திறந்து பார்ப்பதில்லை. திருடன் அதற்குள்தான் படுத்திருக்கிறான்.

உள்ளே போனபின், மூளையிலேயே குடியிருக்கும் மைக்ரோகிளியா என்ற பாதுகாப்பு செல்களுக்கு அது தொற்றுகிறது. நரம்பு செல்களுக்குள் எச்ஐவி பொதுவாகப் புகுவதில்லை. தொற்றிய செல்கள் கக்கும் பொருள்களும், உடலின் எதிர்ப்பு வேலையால் வரும் அழற்சியும்தான் நரம்பு செல்களைக் கெடுக்கின்றன. அழற்சி கூடினால் சுவர் தளர்ந்து, இன்னும் நிறைய வெள்ளை அணுக்கள் உள்ளே வரும்.

எல்லா வைரஸுக்கும் இது வழி அல்ல. வெறிநாய்க்கடி நோயைத் தரும் ரேபிஸ் வைரஸ், கடிபட்ட இடத்திலிருந்து நரம்பு வழியாகவே ஏறும்.

அப்புறம், காய்ச்சலில் தலை வலித்தாலே வைரஸ் மூளைக்குள் போய்விட்டதாகப் பலர் பயப்படுகிறார்கள். சாதாரணக் காய்ச்சலில் அந்த வலி பெரும்பாலும் உடலின் எதிர்ப்பு வேலையால் வருவது, ஆனால் கழுத்து விறைப்பு, மனக்குழப்பம், வலிப்பு சேர்ந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.