பைபாஸ் பக்கம் பிளாட் வாங்கலாமா? தரகர் காட்டும் 11 லட்சம் கோடி

கண்டனூரிலிருந்து ஒரு ஆச்சி கேட்டிருக்கிறார்: "ரோடு, ரயிலுக்கு அரசாங்கம் 11 லட்சம் கோடி இறக்குகிறது, காரைக்குடி பைபாஸ் பக்கம் இப்போதே வாங்கிப்போட்டால் ரெண்டு வருஷத்தில் விலை இரட்டிப்பாகும் என்கிறார் தரகர். மகன் சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய பணம் இருக்கிறது, வாங்கலாமா?"

ஆச்சி, அந்தத் தொகை பொய்யில்லை. 2025-26 மத்திய பட்ஜெட்டில் மூலதனச் செலவு, அதாவது ரோடு, ரயில் மாதிரி நிலைத்து நிற்கிற சொத்துகளுக்கான செலவு, 11.21 லட்சம் கோடி. ஆனால் அதில் ராணுவத் தளவாடமும் உண்டு, மாநிலங்களுக்கு வட்டியில்லாமல் தரும் 1.5 லட்சம் கோடிக் கடனும் உண்டு. நெடுஞ்சாலைக்கு வருவது சுமார் 2.72 லட்சம் கோடிதான், அதுவும் நாடு முழுவதற்கும். இப்படிப் போடும் ஒரு ரூபாய் பொருளாதாரத்தில் 2.45 ரூபாயாகப் பெருகும் என்று டெல்லி ஆய்வாளர்கள் போட்ட கணக்கைத் தரகர்களும் பிடித்துக்கொண்டார்கள். அது சிமெண்ட் ஆலைக்கும் ஜல்லி லாரிக்கும் கொத்தனார் கூலிக்கும் பிரிந்துபோகும் பெருக்கம். உங்கள் ரெண்டு கிரவுண்டில் வந்து இறங்காது.

இன்னொன்று, பைபாஸை ஒட்டிய மனை என்றால் வாசலை ரோட்டைப் பார்த்து வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். தேசிய நெடுஞ்சாலையில் நினைத்த இடத்தில் வழி திறக்க முடியாது, அனுமதி வேண்டும். "சர்வீஸ் ரோடு வரும் ஆச்சி" என்பார்கள். வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இதைவிட மோசமானது, அரசு எடுக்கப்போகிற நிலத்தையே விலை குறைவு என்று தலையில் கட்டுவது. "வில்லங்கம் போட்டுப் பார்த்தாச்சு, சுத்தம்" என்பார்கள். வில்லங்கச் சான்றில் பதிவான பத்திரம்தான் வரும்; நிலம் எடுப்பு அறிவிப்பு இருக்கிறதா என்பதை அதை வைத்துச் சொல்ல முடியாது. சர்வே நம்பரோடு நிலம் எடுப்பு அலுவலகத்தில் நேரில் கேளுங்கள்.

உங்கள் பூர்வீகப் புஞ்சையே ரோட்டுக்குப் போகிறது என்றால் மட்டும் கதை வேறு. 1956 நெடுஞ்சாலைச் சட்டப்படி முதல் அறிவிப்பு கெஜட்டில், அதாவது அரசிதழில், வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள் ஆட்சேபம் கொடுக்க வேண்டும். யார் வீட்டில் ஆச்சி கெஜட் வாங்குகிறார்கள்? உள்ளூர்ப் பேப்பரில் வந்து, யாரோ பார்த்துச் சொல்லி, கூட்டுப்பட்டாவில் இருக்கும் பங்காளிகள் சென்னையிலும் மலேசியாவிலும் இருந்து போனை எடுப்பதற்குள் கெடு முடிந்துவிடும். இழப்பீட்டுக்கு, பத்திரப்பதிவுக்காக அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பையும், அக்கம்பக்கத்தில் அதேபோன்ற நிலத்துக்கு முந்தைய மூன்று வருஷத்தில் பதிவான பத்திரங்களில் அதிக விலை காட்டிய பாதிப் பத்திரங்களின் சராசரியையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதை எடுப்பார்கள். முத்திரைத்தாள் செலவை மிச்சம் பிடிக்க ஊரே பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டியிருந்தால் சராசரியும் படுத்துவிடும். அதற்கு மேல், நிலத்தை விருப்பமில்லாமல் இழப்பதற்கான ஆறுதல் தொகை நூறு சதவீதம், சட்டமே தருவது. அதை "நான் வாங்கித் தருகிறேன்" என்று கமிஷன் பேசுகிறவனை வாசலோடு அனுப்புங்கள். தொகை போதவில்லை என்றால் மத்தியஸ்தரிடம் போகலாம், அவரையும் அரசாங்கமே நியமிக்கும். என்ன நியாயமோ!

சரி, உங்கள் மனைக்கு வருவோம். டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதி எண்ணையும் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண்ணையும் எழுத்தில் கேளுங்கள், சைட்டுக்கு நீங்களோ நம்பிக்கையான ஒருவரோ நடந்து போய்ப் பாதை எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். அதுவரை டோக்கன் அட்வான்ஸ்கூட வேண்டாம். மகனிடமிருந்து பவர் பத்திரம் உடனே வேண்டும் என்று தரகர் அவசரப்படுத்தினால், அந்த மனையையே விட்டுவிடுங்கள்.