ஒரு தாய்க்கு 200 கன்று

அன்புள்ள ஐயா,

டாரி பைன் என்ற அரிய ஊசியிலை மரம் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். கடலூர் பக்கம் எங்கள் ஊர் ஐயனார் கோயில் காட்டில் வீரை மரம் 10தான் மிஞ்சியிருக்கிறது. சுற்றிலும் சவுக்கு, முந்திரி. சந்நிதி எதிரே உள்ள பெரிய மரத்தடியில் பழம் பொறுக்கி 200 கன்று போட்டிருக்கிறோம். ஐப்பசியில் நட்டுவிடலாமா?

செல்வம்

அன்புள்ள செல்வம்,

நடலாம், 200ஐயும் அங்கேயே வேண்டாம்.

சவுக்குக்கு நடுவே நிற்கும் காடும் தீவுதான். டாரி பைன் கலிபோர்னியாக் கரையில் ஓரிடத்திலும் சாந்தா ரோசா தீவிலும் மட்டுமே இயற்கையாக உண்டு. 1983இல் 59 மரபணு இடங்களைச் சோதித்தபோது தீவு மரங்களுக்குள் வேறுபாடே இல்லை, கரை மரங்களுக்குள்ளும் இல்லை. உங்கள் 200க்கும் தாய் ஒன்று. தகப்பன் வேறுவேறு என்றே வைத்துக்கொண்டாலும், அவை தமக்குள் கூடினால் பொக்கு விதையும் சோனிக் கன்றும் கூடும்.

வீரையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. முதலில் அதை எண்ணுங்கள். கணக்கு இதுதான்: 4×பெண்×ஆண்÷மொத்தம். 9 பெண்ணுக்கு 1 ஆண் என்றால் 4×9×1÷10, அதாவது 3.6. பத்து மரம் நின்றாலும் மரபணுக் கணக்கில் நாலுகூட இல்லை. தலைமுறைக்குச் சுமார் 14 சதவீத மரபணு வளம் போகும். 5க்கு 5 என்றால் 5 சதவீதம்தான். அதனால் காய்க்காத மரத்தை 'மலடு' என்று யாரும் வெட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த ஒன்றுதான் மொத்தத்துக்கும் தகப்பனாக இருக்கும்.

பெரிய மரத்துக் கன்றில் 20 வைத்துக்கொண்டு மீதியைப் பக்கத்து ஊர்க் கோயில் காடுகளுக்குக் கொடுங்கள், அவர்கள் மரத்து விதையை வாங்குங்கள். பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற மாதிரிதான். மலையிலிருந்து வாங்க வேண்டாம். நம் கடலோர மண்ணுக்கும் வெயிலுக்கும் பழகிய விதை போதும். உறவில்லாத 30 தாய் மரம் கிடைத்தால், நூற்றுக்கு 5 என்ற அளவில் இருக்கும் மரபணு வகைகூட 95 சதவீத வாய்ப்போடு வந்துவிடும். 5 மரம் என்றால் 40தான். ஒட்டி நிற்பவை அக்கா தங்கையாக இருக்கலாம். 50 மீட்டராவது தள்ளி எடுங்கள். ஒவ்வொரு தாயிடமும் ஒரே எண்ணிக்கையில் விதை எடுங்கள்.

காரியம் கெடுவது பெரும்பாலும் நாற்றங்காலில். உயரமான கன்றாகப் பொறுக்கினால் இரண்டு மூன்று தாய்களின் பிள்ளைகளே மிஞ்சும். தாய்வாரியாகப் பாத்தி பிரித்து, தாய் மரத்தின் எண்ணை ஆணியால் தகரத் துண்டில் கீறிச் செருகுங்கள். பையில் மார்க்கரால் எழுதினால் ஒரு கோடைக்குள் வெளுத்துவிடும்.